நம்பாத கதை

"உண்மையில் நடந்ததைத்தான் ஸார் எழுதினேன், நம்ப முடியவில்லை என்கிறார்களே!" என்று குறைப்பட்டுக்கொள்ளும் இளம் எழுத்தாளர்கள் உண்டு. நடந்துவிட்டது என்பதனாலேயே ஒரு விஷயம் கதையாகிவிடாது என்று அவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ரேஸாங் லா விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1962 நவம்பர் 18. லடாக்கில், சுஷூலுக்குத் தென்கிழக்கே, 16,000 அடி உயரத்தில் ஒரு கணவாய். அதைக் காத்தது குமாவுன் ரெஜிமெண்டின் 13-வது பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி. சுமார் 120 பேர். அநேகமாக எல்லோரும் அஹிர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். தலைவர் ஜோத்பூர்க்காரரான மேஜர் சைத்தான் சிங். (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், ராஜஸ்தானத்தில் வைக்கிற பெயர்தான்.) குறுக்கே மலை நின்றதால் பின்னாலிருந்து பீரங்கி உதவி கிடையாது. சீனர்கள் அலை அலையாக வந்தார்கள். காயம்பட்ட மேஜரைத் தூக்கிப்போக முயன்ற சிப்பாய்களிடம், தம்மை விட்டுவிட்டுப் போகும்படி அவர் உத்தரவிட்டார்.

உயிர் தப்பிக் கீழே வந்தவர்கள் வெகு சிலர். நடந்ததை அவர்கள் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1963 பிப்ரவரியில் ஓர் இடையன் கண்டு சொன்ன பிறகு மேலே போய்ப் பார்த்தார்கள். பதுங்கு குழிகளில், கையில் ஆயுதத்தோடு, பனியில் உறைந்து கிடந்தார்கள். மருத்துவச் சிப்பாயின் கையில் ஊசிக் குழாய் அப்படியே இருந்ததாம்.

மேஜருக்குப் பரம வீர சக்கரம் அளித்த அரசாங்கப் பத்திரத்தைப் படித்தேன். குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அதன் அடைமொழிகளை எந்த வீரருக்கும் மாற்றிப் போடலாம். அந்த உத்தரவு ஒன்றுதான் அவருக்கே உரியது.

1964-ல் சேதன் ஆனந்த் எடுத்த 'ஹகீகத்' படத்திலும் அந்த லடாக் யுத்தம்தான். தலைப்புக்கு 'உண்மை' என்று பொருள். மலைகள் உண்மை, மதன் மோகனின் இசை உருக்குகிறது. ஆனாலும் ஒரு காப்டனுக்கும் லடாக்கிப் பெண்ணுக்கும் காதல் வந்தால்தான் சிப்பாயின் சாவுக்கு நாம் அழுவோம் என்று டைரக்டர் ஏன் நினைக்க வேண்டும்? எனக்கு அந்த ஊசிக் குழாய் போதும். அதற்குக் காதலும் வேண்டாம், வசனமும் வேண்டாம்.

பத்திரமும் படமும் விட்டுவிட்டது, நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையிலுள்ள மூன்று மாதங்களை. செத்தவர்களுக்குச் சாட்சியாகப் பனி இருந்தது. பிழைத்தவனுக்கு அவன் வாய்தான் சாட்சி. தப்பி வந்தவன் அளக்கிறான் என்று நினைப்பவர் நடுவில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அவன் எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பான்? எந்த முறையோடு நிறுத்திக்கொண்டிருப்பான்? அந்தக் கதையை நான் எழுதுவதானால் போர்க்களத்துக்கே போகமாட்டேன். அந்தக் கட்டிலில்தான் ஆரம்பிப்பேன்.