2.0 திரைப்படத்தில் பேயும் அறிவியலும்

ஷங்கர் இயக்கி 2018 நவம்பர் 29 அன்று வெளிவந்த 2.0, பேய்க்கதையை எதிர்கால அறிவியல் புனைவோடு கலந்த தமிழ்ப் படம். எந்திரன் (2010) படத்தின் தொடர்ச்சி. எந்திரன், மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் (1818) நாவலின் வழியில் வந்தது. ஆய்வகத்தில் உருவானது ஆக்கியவரையே எதிர்க்கிறது. அங்கே பூதமே அறிவியலின் பிள்ளை என்பதால் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. 2.0 எடுத்துக்கொண்டதோ நம் ஊர் ஆவியை. மனக்குறையோடு செத்தவர் திரும்பி வந்து பழிவாங்குவதும், இருப்பவர் உடலில் புகுவதும் நாம் சிறுவயதிலிருந்து கேட்டவைதானே!

பறவையியலாளர் பட்சிராஜன் (அக்சய் குமார்) செல்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு மடிகிறார். பிறகு செல்பேசிகளையே உடலாக்கி இராட்சதப் பறவையாக எழுகிறார். அருமையான கற்பனை. சாலை முழுக்கச் செல்பேசிகள் கம்பளம்போல் விரிந்து ஊரும் காட்சியில், விளக்கம் ஏதுமின்றியே அச்சம் பிறக்கிறது. விளக்கத் தொடங்கும்போதுதான் படம் சரிகிறது. விஞ்ஞானி வசீகரன் (ரஜினிகாந்த்) அதை 'ஆரா' என்கிறார், எதிர்மறை ஆற்றல் என்கிறார். ஆவிக்கு வேறு பெயர் கிடைத்ததே தவிர, புதிதாக எதுவும் விளங்கவில்லை. சுஜாதாவின் கொலையுதிர் காலம் இவ்வகையில் நேர்மையானது. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் வழக்காடுவார்கள். ஹோலோகிராம் விளக்கத்தை வாசகர் எடைபோட்டுப் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. பேயைத் திரையரங்கிலேயே விட்டுவிட்டு வருகிறோம். கதிர்வீச்சால் குருவிகள் அழிகின்றன என்ற கூற்றோ நம்மோடு வீட்டுக்கு வருகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. கூடுகட்ட இடுக்குகள் இல்லாமற் போனது, குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகள் குறைந்தது ஆகியவற்றையே ஆய்வாளர்கள் முதன்மையாகச் சொல்கிறார்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஓட்டுவீடுகள் போய்க் கான்கிரீட் வீடுகள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பட்சிராஜனின் தோற்றம் சாலிம் அலியை (1896–1987) நினைவூட்டுகிறது. அவர் பெயரிலான பறவையியல் மையம் 1990-இல் தொடங்கப்பட்டு, கோவையை அடுத்த ஆனைகட்டியில் இயங்குகிறது. வாழ்நாளெல்லாம் களத்தில் குறிப்பெடுத்த ஒருவரின் சாயலைக் கொடுத்துவிட்டு, சான்று தேடும் வேலையை மட்டும் படம் கைவிட்டது.

பட்சிராஜனின் கோரிக்கையில் நியாயம் உண்டென்று முடிவில் வசீகரனே ஒப்புக்கொள்கிறார். அதற்குள் அந்தப் பேயை அழித்தாயிற்று.