டொரண்டோவின் வழிகாட்டித் திட்டம்: ஆதாயம் யாருக்கு?

படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போட்டுக் குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கனடா 1967இல் கொண்டுவந்தது. ஆனால் புள்ளி வாங்கித் தந்த அதே அனுபவம் வேலை கேட்டுப் போகுமிடத்தில் செல்லுபடியாவதில்லை. ‘கனடிய அனுபவம் உண்டா?’ என்ற கேள்வியில் பொறியாளர்களும் கணக்காளர்களும் ஆண்டுக்கணக்கில் முடங்கினார்கள். இந்தச் சிக்கலுக்காக டொரண்டோ வட்டாரக் குடியேறியோர் வேலைவாய்ப்பு மன்றம் (டிரையெக்) 2004இல் தொடங்கியதுதான் வழிகாட்டித் திட்டம். புதிதாக வந்தவரை அதே துறையில் வேலை பார்க்கும் ஒருவரோடு இணைத்துச் சில மாதங்கள் சந்தித்துப் பேச வைப்பார்கள். வழிகாட்டிக்கு ஊதியம் இல்லை. வேலை வாங்கித் தரும் பொறுப்பும் இல்லை.

பேச்சில் அடிபடுபவை பெரும்பாலும் சில்லறை விஷயங்கள். தந்தை பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் தன்விவரக் குறிப்பிலிருந்து போக வேண்டும். நேர்காணலில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ஊரையும் பட்டத்தையும் சொல்லத் தொடங்கக் கூடாது. செய்து முடித்த வேலையைச் சொல்ல வேண்டும். எந்தப் பாடநூலும் இவ்வளவு பொருத்தமாகச் சொல்லித் தராது.

வழிகாட்டிக்குக் கிடைப்பதும் குறைவல்ல. அதிகாரம் செலுத்த முடியாத ஒருவருக்கு வழி சொல்லிப் பழகுவது, மேலாளராகப் போகிறவருக்கு நல்ல பயிற்சி. தன் அலுவலகத்தில் எழுதாச் சட்டங்களாக இருப்பவற்றை விளக்க முயலும்போதுதான், அவற்றில் பாதிக்குக் காரணமே இல்லை என்பது அவருக்குப் படுகிறது. நிறுவனங்கள் ஊழியர்களை அனுப்ப முன்வருவதில் தொண்டுள்ளம் ஒரு பங்குதான். செலவில்லாத தலைமைப் பயிற்சி என்ற கணக்கும் உண்டு.

குறை இங்கேதான் தொடங்குகிறது. வழிகாட்டியின் ஆதாயம் உறுதி. வந்தவரின் வேலை உறுதியில்லை. வேலை கிடைத்தவர்களைக் காட்டித் திட்டத்தைப் புகழ்வதும் அவசர முடிவு. ஆங்கிலம் கைவந்த, வேலைக்கு ஆயத்தமான ஆட்களையே சேர்ப்பதால், அவர்களில் பலருக்கு எப்படியும் வேலை கிடைத்திருக்கலாம். உரிமம் தேவைப்படும் தொழில்களில் எத்தனை சந்திப்பு நடந்தாலும் கதவு திறக்காது. டொரண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தின் பொறியாளர் உரிமத்துக்குக் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை 2023இல்தான் நீங்கியது. அதை நீக்கியது விதிமாற்றம், அறிவுரை அல்ல. அந்த மாகாணத்தில் வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவத்தைக் கேட்பதற்கான தடையும் 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

திருந்த வேண்டியவர் வந்தவரே என்ற எண்ணம் திட்டத்தின் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது. வழிகாட்டி கற்றுக்கொண்டது அவருடைய ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. ஆளெடுக்கும் குழுவில் அவருக்கு இடம் தந்து, ஒதுக்கிய விண்ணப்பங்களை மறுபடி பார்க்கச் சொல்லும் நிறுவனத்தில்தான் அந்தப் பாடம் வேலைக்கு ஆகும்.