ஏறாத 1.92

ஸ்வீடனில் போராஸ் என்று ஓர் ஊர். 2019 ஜூலையில் அங்கே 20 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியத் தடகளப் போட்டி நடந்தது. பெண்கள் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கியவர் உக்ரைனின் யாரோஸ்லாவா மஹுச்சிக். தாண்டியது 1.92 மீட்டர்.

இதே பெண் 2017-ல் நைரோபியில், 18 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியிலும் தங்கம் வாங்கியிருந்தார். அப்போது வயது 15. தாண்டிய உயரம்? அதே 1.92!

இந்த ரெண்டு ரிசல்ட்டை மட்டும் பார்க்கிறவர் என்ன சொல்வார்? 'ரெண்டு வருஷமா ஒரு சென்டிமீட்டர்கூட ஏறலையே... பொண்ணு அவ்வளவுதான் போலிருக்கு' என்பார்.

போராஸ் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தோஹாவில் பெரியவர்களுக்கான உலக சாம்பியன்ஷிப். 18 வயது நிறைந்து 11 நாளே ஆன மஹுச்சிக் 2.04 மீட்டர் தாண்டினார். 1986-லிருந்து ஜூனியர்களில் ஒருத்தராலும் மிஞ்ச முடியாமல் இருந்த 2.01 அன்றைக்குக் காலி!

அப்படியானால், அந்த 1.92 நமக்கு என்னதான் சொன்னது? ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் வேறொரு தாளில் இருந்தது.

நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட்டின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கம்பெனியைப் பற்றிப் பேசாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். லெட்ஜரைப் புரட்டு என்பார்கள். உயரம் தாண்டுதலுக்கும் ஒரு லெட்ஜர் உண்டு. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. தாண்டினால் ஓ, தட்டிவிட்டால் எக்ஸ். ரெண்டு பேர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அதை யார் குறைந்த முயற்சியில் தாண்டினார் என்று பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால், அதுவரைக்குமான மொத்தத் தப்புகளைக் கூட்டுவார்கள்.

தோஹாவில் மஹுச்சிக்குக்குக் கிடைத்தது வெள்ளி. தங்கம் வாங்கிய மரியா லசிட்ஸ்கேனேயும் அதே 2.04-தான். அவர் முதல் முயற்சியில் தாண்டினார், இவர் மூன்றாவதில். அவ்வளவுதான் வித்தியாசம்!

ஜூனியர் போட்டிகளை டி.வி-யில் காட்டுகிற லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பியை உயர்த்தும்போதுதான் கேமரா 100 மீட்டருக்கு ஓடிவிடும். திரும்பி வந்து காட்டுவது வெற்றிகரமாகத் தாண்டிய ஒரே ஒரு தாவல். அதற்கு முன்னால் தட்டிவிட்டது எங்கே போச்சு?

விஷயமே அதில்தானே இருக்கிறது! தூண்டில் முள் மாதிரி வளைந்து வரும் ஓட்டம் அது. கம்பிக்கு ரொம்பக் கிட்டே வந்து எகிறினால், உடம்பு உச்சிக்குப் போகுமுன்பே இடிக்கும். ரொம்பத் தள்ளி எகிறினால், இறங்கும்போது தட்டும். ரெண்டு முறை தட்டிவிட்ட 17 வயதுப் பெண், ஓட்டம் தொடங்கும் அடையாளத்தைக் கொஞ்சம் நகர்த்திவைத்துவிட்டு வந்து நிற்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், களத்தில் நிறையப் பேர் இருக்கிறவரை, ஒரு நிமிஷம்தான் அவகாசம். தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிற அந்த ஒரு நிமிஷத்தைக் காட்டாமல், மெடலோடு சிரிக்கிற முகத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்?

சின்னப் பிள்ளைகளுக்கு உலக மெடல் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டோருக்கான அந்த உலகப் போட்டியும் நைரோபியோடு நின்றுபோனது. என்னைக் கேட்டால், கோளாறு போட்டியில் இல்லை. நாம் அதைப் படிக்கிற விதத்தில் இருக்கிறது. பதின்வயதில் உடம்பு மாறும். உயரம் கொஞ்ச காலம் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் ஒற்றை எண்ணைப் பார்த்து, 'அவ்வளவுதான்' என்று ஒரு பெண்ணைக் கைகழுவுவது அநியாயம்.

2024 ஜூலையில் பாரிஸில் மஹுச்சிக் 2.10 தாண்டினார். 1987-லிருந்து நின்ற ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவாவின் 2.09 உலக சாதனை முறிந்தது. அடுத்த மாதம் அதே ஊரில் ஒலிம்பிக் தங்கம். எவ்வளவு தாண்டி? 2.00! ஆஸ்திரேலியாவின் நிக்கோலா ஒலிஸ்லேகர்ஸும் அதே 2.00-தான். இந்த முறை லெட்ஜர் மஹுச்சிக் பக்கம் இருந்தது. 2.04-க்கு வெள்ளி, 2.00-க்குத் தங்கம்!

எனவே பத்திரிகை, டி.வி. நண்பர்களே... அடுத்த ஜூனியர் போட்டியில் உயரத்துக்குப் பக்கத்திலேயே அந்த ஓ, எக்ஸ் வரிசையையும் போடுங்கள். ஒரு வரி இடம்தான் பிடிக்கும்.