'டெட் ஸ்பேஸ்' மூன்றாம் பாகம்: அச்சமும் விலைப்பண்டமும்

'டெட் ஸ்பேஸ்' (2008) என்னும் காணொளி விளையாட்டின் நாயகன் ஐசாக் கிளார்க் போர்வீரனல்லன், பொறியியலாளன். சுரங்கத் தொழிலுக்குரிய வெட்டுக்கருவியே இஷிமுரா விண்கலத்தில் அவனது முதல் ஆயுதம். எஞ்சிய ரவைகளை எண்ணியெண்ணி நடக்கவேண்டிய நிலையிலிருந்தே அங்கு அச்சம் பிறந்தது. இரண்டாம் பாகம் (2011) மௌனியாயிருந்த அவனுக்குக் குரலையும் குற்றவுணர்வையும் வழங்கியது, இவ்வளர்ச்சி நியாயமானதே.

மூன்றாம் பாகத்திலோ (2013) எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே வகை ரவை. துப்பாக்கியேந்திய மனிதப் பகைவர். விரும்பினால் உடன்வர ஒரு படைவீரன். இவற்றினும் மனங்கொள்ளத்தக்கது, ஆயுதம் ஆக்குவதற்கான மூலப்பொருள்களை மெய்ப்பணம் கொடுத்தும் வாங்கலாம் என்னும் ஏற்பாடாகும். பற்றாக்குறையே அச்சத்தின் ஊற்றாயிருந்த படைப்பில், அதனின்று பெறும் விடுதலை விலைப்பண்டமாயிற்று. வெளியீட்டு நிறுவனத்தின் சந்தைத் தேவை கலைவடிவத்தினுள்ளேயே புகுந்துவிட்டதென நாம் கருதுகிறோம். எனினும், பனிக்கோளைச் சூழ்ந்து மிதக்கும் கைவிடப்பட்ட கலங்களில் அவன் தனித்து உலாவும் பகுதியில் பழைய நடுக்கம் மீளவும் நம்மைத் தீண்டுகிறது.