மலைக் குளிரும் கீரைச் சத்தும்

திண்டுக்கல் சந்தையில் "மலைக்காய்" என்று சொல்லும்போதே விற்பவர் குரலில் ஒரு பெருமிதம் ஏறுவதையும், அருகே ஈரச் சாக்கின்மேல் அடுக்கிய அரைக்கீரைக் கட்டுகளை வாங்க வருவோர் இரண்டாந்தரமாக எண்ணிக் கடந்து போவதையும் நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். குளிரில் விளைந்ததே சத்துள்ளது என்னும் இந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் நியாயமானது?

அடியோடு பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் நம் சமவெளியைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்தது. மார்கழி, தை இரவுகளில் அங்கே உறைபனியும் படிகிறது. அத்தகைய சீதோஷ்ணத்தில், குளிர்நாட்டுச் சுபாவமுள்ள கோசு வகைகளில் இலையின் வளர்ச்சி முதலில் தளர்ந்துவிட, வெயிலைக் கொண்டு சர்க்கரை சமைக்கும் தொழில் மட்டும் அவ்வளவு விரைவில் ஓயாமையால், செலவழியாத சர்க்கரை இலையிலேயே தங்கி, அதன் சாறு உறைந்துபோகாமல் காக்கிறது. சி வைட்டமின் உண்டாவதும் அச்சர்க்கரையிலிருந்துதான். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் ஸ்பினாச் கீரையை வளர்க்கும் குடியானவர்கள், அறுவடைக்குச் சில நாள் முன்பு கூடாரத்தைத் திறந்து குளிர்காற்றை வேண்டுமென்றே உள்ளே விடுவது இந்தச் சூட்சுமத்தை அறிந்தேயாகும்.

ஆனால் இந்த முறைக்கு விலையும் உண்டு. வளர்ச்சி தளர்வதால் மகசூல் குறைகிறது. மேலும், குளிர்பட்ட இலையில் நீர் குறைவதால், எடைக்கு எடை பார்க்கையில் கூடியதாகத் தோன்றும் சத்தில் ஒரு பங்கு வெறும் செறிவேயன்றிப் புதிதாக விளைந்ததன்று. எல்லாவற்றிலும் முக்கியமாக, நம் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் உஷ்ணத்தில் தழைக்கும் ஜாதி. அவற்றைக் குளிரில் வைத்தால் சத்து கூடுவதற்கு முன் செடியே குன்றிவிடும். ஆகவே கோசின் நியாயத்தைக் கீரைக்கு ஏற்றுவது தவறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில், வேலியோரத்து முருங்கையிலையில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேலாகச் சி வைட்டமின் இருக்க, முட்டைக்கோசில் அதில் மூன்றில் ஒரு பங்களவே காணப்படுகிறது!

சமவெளிக் கீரை தன் சத்தை இழப்பது பெரும்பாலும் பாத்தியில் அன்று, அறுத்த பின்புதான். வெட்டிய இலை சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. சூடு ஏற ஏறச் சுவாசம் விரைந்து, சர்க்கரை செலவாகி, வாட்டம் கண்டு, சி வைட்டமின் மணிக்கணக்கில் அழிகிறது. குளிர் மிகுதியாக வேண்டப்படும் இடம் இதுவே என்பது என் துணிபு. விடியுமுன் அறுத்துப் பனி ஈரத்தோடு வரும் மார்கழிக் கீரை வெகுநேரம் தலைநிமிர்ந்திருக்க, சித்திரையில் அதே பாத்திக் கீரை காலை வெயிலிலேயே துவண்டுவிடுகிறது. கீரைக்காரப் பெண்கள் தங்கள் முந்தானையால் கட்டுகளை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த வரிசைக்கு ஒரு கீற்றுக்கூரையும், தெளிப்பதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக்கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?