கணக்குப் பக்கமும் கூத்துதான்

செய்யாறு பக்கம் ஒரு காலனியில் ஜமா வைத்து முப்பது வருசம் கூத்தாடிய எங்க பெரியப்பாவின் நோட்டு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கமிருந்து புரட்டினால் கர்ண மோட்சம்: விருத்தம், தரு, வசனம். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமிருந்து புரட்டினால் வேறொரு பிரதி. எந்த ஊர், யார் தாம்பூலம் கொடுத்தது, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, யார் ஆட்டத்துக்கு வராமல் போனது, மிருதங்கத்துக்கு வார் பிடித்த செலவு.

சில வருசத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்திலிருந்து ஆவணப்படுத்த வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். கையுறை போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள், முன்பக்கத்தை மட்டும். "பின்னாடியும் எழுதிக்கீதுப்பா" என்று பெரியம்மா சொன்னதற்கு, "அது கணக்கும்மா, நாடகம் இல்லியே" என்று பதில் வந்தது.

எது நாடகம், எது நாடகம் இல்லை என்று யார் முடிவு செய்கிறார்கள்? கர்ண மோட்சத்தைப் பெரிய எழுத்துப் புத்தகமாக இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சுப்போட்டுத் திருவிழாக் கடைகளில் விற்றிருக்கிறார்கள். வாத்தியார்கள் அதைப் பார்த்து எழுதியிருப்பார்கள், மாற்றியிருப்பார்கள், கூட்டியிருப்பார்கள். அந்த மாற்றங்கள் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் அழிந்தால் அதற்கு ஈடாக வேறு பிரதிகளைத் தேடிப் பிடிக்கலாம். பின்பக்கத்துக்கு உலகத்தில் வேறு படி கிடையாது.

அதில் என்ன இருக்கிறது? பாதி ஆட்டங்கள் கருமாதிக் கூத்து. எங்கள் பக்கத்தில் செத்தவருக்குக் காரியம் நடக்கும் ராத்திரி கர்ண மோட்சம் வைப்பார்கள். கர்ணன் சாவதைப் பார்த்துத் தன் வீட்டுச் சாவுக்கு விடிய விடிய அழுவார்கள். கூலி சில இடத்தில் ரூபாய், சில இடத்தில் நெல். ஒரு ஊருக்கு நேராக "பாக்கி, நாளைக்கு வா" என்று மூன்று தேதிகளில் எழுதியிருக்கிறது. இன்னொரு ஊருக்கு "கொட்டாய் இல்லை, புளியமரம்" என்று. வேசம் கட்ட இடம் தரவில்லை, மரத்தடியில் அரிதாரம் பூசிக்கொண்டார்கள் என்று அர்த்தம். விடிந்தால் துரியோதனனாகவும் கர்ணனாகவும் ஊரே கும்பிட்டுப் பார்க்கப்போகிற ஆட்கள்!

இன்னொரு பதிவு இருக்கிறது. "தாம்பூலம் தரையில். போகவில்லை."

இதை நான் நாலைந்து தடவை படித்தபிறகுதான் விளங்கியது. ஊரில் சாவென்றால் இதே ஆட்கள் பெரிய மேளம் அடிக்கப் போயாக வேண்டும். அதற்கு அழைப்பு கிடையாது, ஏவல்தான். கூத்துக்கு மட்டும் வெற்றிலைபாக்கு வைத்து அழைக்க வேண்டும். அந்த வெற்றிலையைக் கையில் கொடுப்பதா, தொட்டுவிடாமல் தரையில் வைப்பதா என்பதில் ஒரு யுத்தமே நடந்திருக்கிறது. அந்த யுத்தத்தை நோட்டில் மூன்றே வார்த்தைகளில் எழுதிவிட்டார் பெரியப்பா. இது நாடக வரலாறு இல்லையென்றால் வேறு எது?

எல்லாரையும் ஒரே தராசில் போடவும் கூடாது. ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும், புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தைப் படித்தவர்கள் கவனிக்க வைத்ததும் பெரிய காரியம். காஞ்சிபுரத்தில் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்தபோது கலைஞர்களே அமைப்பானார்கள். ஹன்னா டி புரூயின் 1999-இல் வெளியிட்ட நூல் கூத்தை கிராமத்து ஊழிய முறைகளோடும் உரிமைகளோடும் சேர்த்துப் பார்த்தது. தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா என்கிற பெயர்ச் சண்டையும் வெறும் சொல் சண்டை இல்லை, மதிப்பைப் பற்றிய சண்டை. ஆனால் நவீன நாடகக்காரர்களில் பெரும்பாலோர் கூத்தில் தேடியது 'வேர்களை'. வேரைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு மண்ணில் ஊர் எது சேரி எது என்று தெரியவில்லை.

அரசாங்கத்து ஆவணமும் உதவாது. 1876-ஆம் வருச நாடகச் சட்டம் வெள்ளைக்கார அரசை உறுத்திய நாடகங்களைத் தடைசெய்ய வந்தது. அரசு பயந்ததைத்தான் கோப்பில் வைக்கும். எங்கள் ஜமாக்கள் பயமுறுத்தியது ஊர்த்தெருவை. ஊர்த்தெரு கோப்பு வைப்பதில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகத்தோடு நாடக நோட்டீசும் பாதுகாக்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றியது. 1992-இல் அவர் இறந்தபின், 1994-இல் சென்னையில் அந்தச் சேகரம் ஆராய்ச்சி நூலகமாயிற்று. கம்பெனி நாடகத்தையும் ஸ்பெஷல் நாடகத்தையும் ஆராய்கிறவர்களுக்கு அப்படிப்பட்ட நோட்டீசு பொக்கிஷம். எங்கள் ஜமா நோட்டீசே அடித்ததில்லை. வாய்ச்சொல்லும் வெற்றிலையும்தான். அச்சாகாதவனுக்கு ஆவணம் எங்கிருந்து வரும்? இப்போது பையன்கள் செல்போனில் எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். சந்தோசம். ஆனால் எந்த ஊர், எந்த ஜமா, முகவீணை யார் என்று ஒருவரி எழுதமாட்டேன் என்கிறார்களே!

நம்ம பக்கத்துச் சிக்கலையும் மறைக்க வேண்டாம். பின்பக்கத்தைச் செராக்ஸ் எடுக்கப்போகிறேன் என்றதும் பெரியப்பா மகன் கோபித்துக்கொண்டார். "தரையில வச்சத எதுக்குடா நாலு பேருக்குக் காட்டணும்? நமக்குத்தான் அசிங்கம்." அசிங்கம் வைத்தவனுக்குத்தான் என்று நான் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அவர் சொல்வதிலும் ஞாயம் உண்டு. பாக்கி வைத்தவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் நிலத்துக்குத்தான் அவர் கூலிக்குப் போகிறார். பெயர்களை மறைத்துப் படி எடுப்பது என்று இப்போதைக்கு முடிவு.

நோட்டுக்கும் ஒரு இருட்டு உண்டு. பெரியம்மா பேர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. கிரீடத்துக்கும் புஜக்கீர்த்திக்கும் கண்ணாடித் துண்டு ஒட்டியது, துரோபதைக்குத் தன் சேலையைக் கொடுத்தது, ஜமாவுக்கே கூழ் காய்ச்சியது எல்லாம் அவர்தான். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி பாட்டு முழுக்க அவருக்கு மனப்பாடம். வேசம் கட்டியவர் மறந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பதிவு செய்தோம். எந்தப் பட்டியலிலும் அவரை 'தகவலாளர்' என்று போடக்கூடாது, கலைஞர் என்று போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வந்தவாசி பக்கம் இன்னொரு ஜமாவின் நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் பேரன் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். அடுத்த வாரம் போகிறோம்.