பனி மூட்டத்தில் மூன்று காவலர்

கோடைக்கானலிலிருந்து பூம்பாறைப் பக்கமாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, பூண்டும் உருளைக்கிழங்கும் படிப்படியாய் இறங்கும் சரிவுகளைக் கடந்து மன்னவனூர் சேர்கிறவனுக்கு, ஏரியும் புல்வெளியும் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் கண்ணில் படுமே ஒழிய, கம்ப்யூட்டர் வைரஸ் என்னும் வஸ்துவின் ஞாபகமே எழாது. ஆயினும் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர், "எந்த ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்கலாம், சார்? நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டபடியால், 4 ஜிபி நினைவகமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கொண்ட அவருடைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டரின் எதிரே, மார்கழிக் குளிரில் விரல் விறைக்க நான்கு நாள் உட்கார்ந்தேன்.

பரீட்சைக்கு எடுத்துக்கொண்டவை மூன்று: விண்டோஸுடன் இலவசமாகவே வரும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர், புனே நகரத்து கைலாஷ் கட்கர், சஞ்சய் கட்கர் சகோதரர்களின் குவிக் ஹீல், 1991-இல் கேசவர்தனன் சென்னையில் ஆரம்பித்த நிறுவனத்தின் கே7. கடைசியாகச் சொன்னதிடம் எனக்கு நம்மூர்ச் சரக்கு என்ற பட்சபாதம் கொஞ்சம் உண்டு என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறொரு காவலன் குடியேறினால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும் சுபாவம் உடையதாகையால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே சோதித்தேன்.

தீங்கற்ற 68 எழுத்துகளால் ஆன 'ஐகார்' என்னும் சோதனைக் கோப்பை மூன்றும் உடனே பிடித்தன. காவலன் விழித்திருக்கிறான் என்பதற்கு அது அத்தாட்சி. அவன் சாமர்த்தியசாலி என்பதற்கு அன்று. சாமர்த்தியத்தை அளக்க ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்திலுள்ள ஏவி-கம்பாரட்டிவ்ஸ் போன்ற சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. அந்தக் கூடம் இணையம் உள்ளபோது பிடிபட்டவை இத்தனை சதவீதம், இல்லாதபோது பிடிபட்டவை இத்தனை சதவீதம் என்று வெவ்வேறாகப் பிரசுரிப்பதை, நட்சத்திரங்களை மட்டும் எண்ணுகிற நம் போன்றோர் கவனிப்பதில்லை. இணையத்தில் எங்கோ இருக்கும் சர்வரைக் கலந்தாலோசித்தே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும் டிஃபெண்டரின் பலம், அந்தத் தொடர்பு அறுந்தால் கணிசமாகக் குறைகிறது. பனி இறங்கி, மின்சாரம் போய், கூடவே சிக்னலும் போய்விடும் மலையூரில், இல்லாதபோது என்னும் அந்த ஒரு பத்திதான் விமர்சனம் முழுவதும் என்று சொன்னாலும் பிழையில்லை.

இவ்வூருக்கு வைரஸ் வந்து சேர்வதும் பென்டிரைவில் ஏறித்தான். ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளை நிறுத்திவைக்கும் ஒரு ஜாதி வைரஸ் உண்டு. சென்ற வருஷம் அதே கடையில் இருந்த வேறொரு ஆன்டிவைரஸ் (பெயர் வேண்டாம்) போலிகளை நீக்கி வெற்றி முழக்கமிட்டதோடு நின்றுவிட, மறைந்த ஃபோல்டர்கள் மறைந்தபடியே கிடக்க, பென்டிரைவ் காலியென்று எண்ணிய வியாபாரி ஒருவர் அதை ஃபார்மட் செய்து, ஒரு போகத்துப் பூண்டுக் கணக்கையே தொலைத்தார். கருப்புத் திரையில் 'அட்ரிப்' என்னும் கட்டளையை அடித்திருந்தால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். ஆனால் அது யாருக்குத் தெரியும்? திருடனைப் பிடித்தவன் களவுபோன பொருளையும் மீட்டுக் கொடுப்பதே முறையாகையால், 'மறைந்தவற்றைத் திருப்பிக் கொடு' என்று எல்லா ஆன்டிவைரஸ்களிலும் பளிச்சென்று தமிழில் ஒரு பொத்தான் வேண்டும். 'குவாரன்டைன்' என்ற சொல்லைக் கண்டு கடைக்காரர் திகைத்தார். புதிதாக வாங்கிய ஆட்டை மந்தையில் சேர்க்காமல் சில நாள் தனியே கட்டிவைப்பது போல என்றேன், மறுகணமே விளங்கிக்கொண்டார்.

இன்னொரு சீர்திருத்தம், அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பாமல் சிறிது சிறிதாக அனுப்புவது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்களை முடக்கியது. இயங்குதளத்தின் ஆழத்திலேயே இடம் பிடித்திருக்கும் காவலன் இடறினால் வீடே சாய்கிறது.

இணையம் தடையின்றி வரும் வீட்டுக்கு டிஃபெண்டரே போதும். காசு கொடுப்பது அநாவசியம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது; ஆகையால் யந்திரத்தையே மாற்ற வேண்டிய காலமும் வந்துவிட்டது என்று நண்பரிடம் சொன்னேன்; பூண்டு விலை ஏறட்டும் என்றார். அதுவரைக்கும் அவருக்குக் கே7-ஐச் சிபாரிசு செய்தேன். குவிக் ஹீலை வாங்கியிருந்தாலும் நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன். பென்டிரைவைச் செருகினதும் பரிசோதிக்கும் வசதி இரண்டிலும் உண்டு; அப்டேட்டைத் தனிக் கோப்பாக வேறிடத்தில் இறக்கிக் கொண்டுவரும் வசதியும் இரண்டிலும் உண்டு. இப்போது வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போகும் லாரியில், டிரைவரின் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவும் வாரம் ஒருமுறை மலையிறங்கி ஏறுகிறது.